கடல் தொட்டி: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். சித்திரையில் சூட்டைப் பற்றிக் கேட்பார்கள், கார்த்திகையில் புயலைப் பற்றி, தை பிறந்ததும் வீடு மாற்றுவதைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டுவிட்டேன்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே மென்பவளங்களும் (கல்போல் கூடு கட்டாதவை) சில மீன்களும் இருக்கின்றன. முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் குடி மாறியபோது அதுவும் கூடவே வந்தது. கீழே வரும் அளவுகளை அந்த அளவுத் தொட்டியை மனதில் வைத்துப் படியுங்கள்.

கடல் பக்கத்துலயே இருக்கு. நாலு குடம் தண்ணி எடுத்துட்டு வந்து ஊத்தினா போதாதா?

போதும், ஆனால் எங்கே, எப்போது எடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். அலை உடையும் இடத்தில் மணலும் கழிவும் கலந்திருக்கும். அரியாங்குப்பம் முகத்துவாரம், தேங்காய்த்திட்டுத் துறைமுகம், கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் இடங்கள் எல்லாம் வேண்டாம். டீசலும் ஊர்ச் சாக்கடையும் அங்கேதான் வந்து சேரும். தெரிந்த மீனவர் யாராவது இருந்தால், கரையை விட்டு நன்றாகத் தள்ளிப் போகும்போது கேனில் பிடித்துவரச் சொல்லலாம்.

இன்னொன்று, நம் கரையில் உப்பின் அளவு வருஷம் முழுக்க ஒன்றாக இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கலந்து லிட்டருக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். கோடையில் 34 பக்கம் நிற்கும். பவளத்துக்கு வேண்டியது 35. மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பண்ணைகளும் இதே கடலிலிருந்துதான் எடுக்கின்றன, ஆனால் மணல் வடிகட்டி, குளோரின், காற்றூட்டல் என்று பல கட்டம் தாண்டித்தான் குஞ்சுகளுக்கு விடுகிறார்கள். வீட்டில் அவ்வளவு முடியாது. துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, உப்பை அளந்து சரிசெய்த பிறகு ஊற்றுங்கள். நான் பாக்கெட் உப்புக் கலவையைத்தான் கரைக்கிறேன். நடு ராத்திரியில் அவசரமாகத் தண்ணீர் வேண்டுமென்றால் கடலுக்கு ஓட முடியாது.

மரக்காணம் உப்பை வாங்கிக் கரைச்சா கடல் தண்ணி ஆயிடாதா? உப்பு உப்புதானே?

ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடும், அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரிலேயே நின்றுவிடும். உங்கள் கைக்கு வரும் கல்லுப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எல்லாமே வேண்டும்.

தொட்டிக்கென்று விற்கும் கலவையை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை போட வேண்டியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025, 1.026 காட்டினால் சரி. அந்தக் கருவியையும் வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்து நம்பிவிடாதீர்கள். 35 அளவுள்ள சோதனைக் கரைசல் விற்கிறது, அதில் சரிபாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் மானியை நான் சிபாரிசு செய்வதில்லை.

தினமும் தண்ணி குறையுது. உப்புத் தண்ணியே ஊத்தி நிரப்பணுமா?

கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். உப்பில்லாத சுத்தமான நீரை ஊற்றுங்கள். ஒரேயடியாக வாரத்துக்கு ஒருமுறை ஊற்றாமல் தினமும் கொஞ்சம் ஊற்றுவது நல்லது. தானாக நிரப்பும் மிதவைக் கருவி இருந்தால், தொட்டிக்குச் செய்யும் முதல் செலவாக அதைச் செய்யலாம். விளக்குக்கு அப்புறம் செலவு பண்ணிக்கொள்ளலாம்.

வீட்டு ஆர்.ஓ. மிஷின் தண்ணி போதுமா?

பாதி போதும். குடிநீர் மிஷின்களில் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதனால் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மானியில் 50, 80 என்று காட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்பு ஏறியிருப்பதும் உண்டு. மெக்கானிக்கிடம் சொல்லி அந்தக் கலப்பை மூடிவிட்டு, வெளியே வரும் நீரை, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் வழியாக விட்டால் பூஜ்யத்துக்கு வரும். பாசி அடங்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

ராமேஸ்வரம் பக்கத்துல ஒருத்தர் உயிர்க்கல்லும் பவளமும் பார்சல்ல அனுப்புறேன்னு சொல்றார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். உயிர்க்கல் என்பது கடலிலிருந்து நுண்ணுயிர்களோடு பெயர்த்த பவளப்பாறைத் துண்டு. கல்போல் கூடு கட்டும் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விசிறிப் பவளம், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவையும் இதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. முதல் பட்டியலில் உள்ளவற்றோடு பிடிபட்டால் குறைந்தது மூன்றாண்டு சிறை. செத்த பவளம்தானே என்ற வாதமும் எடுபடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து பெயர்த்த கல்லை வீட்டில் வைத்து அழகு பார்ப்பதில் எனக்குச் சட்டத்தைத் தாண்டியும் உடன்பாடில்லை.

கல்லுக்குப் பதில் துளைகள் நிறைந்த செயற்கைக் கல் கிடைக்கிறது. நாலு மாதத்தில் ஊதாநிறப் பாசி படிந்து பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. பவளத்தில் மஷ்ரூம், லெதர், சீனியா, சோவாந்தஸ் போன்ற மென்வகைகளை, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த துண்டாகப் பார்த்து வாங்குங்கள். கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், இங்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள். அது தொட்டிச் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

தொட்டி வச்சு ஒரு வாரம் ஆச்சு. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. மீன் விடலாமா?

வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டிய பிறகு ஒரு மீன் விடுங்கள். நடுவில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகவே போய்விடும். அதற்கு மருந்து தேடாதீர்கள்.

சித்திரை வெயில்ல சில்லர் இல்லாம ஓட்ட முடியுமா?

சில்லர் என்பது தண்ணீரைக் குளிரவைக்கும் மிஷின். மென்பவளம் மட்டும் என்றால் அது இல்லாமலும் கஷ்டப்பட்டு ஓட்டலாம். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது, 28, 29 வரை தாங்கும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால்தான் ஆபத்து. நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், கோயம்புத்தூர்க்காரருக்கு இறங்கும் அளவு நமக்கு இறங்காது. விசிறி ஓடும்போது தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கூடக் குறையும். மேலே சொன்ன நிரப்பும் வேலையைத் தவறவிட்டால் உப்பு ஏறிவிடும்.

விளக்கை மதியம் போடாதீர்கள், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ராத்திரி வரை எரியவிடுங்கள். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. போட்டால் உப்பு இறங்கும், சூடும் திடீரென்று சரியும். வேண்டுமானால் உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு சம்ப்பில், அதாவது ஸ்டாண்டுக்குள் இருக்கும் துணைத் தொட்டியில், மிதக்கவிடுங்கள்.

போன வாரம் சூடு ஏறி பவளமெல்லாம் வெளுத்துடுச்சு. எல்லாம் போச்சா?

வெளுத்ததெல்லாம் செத்ததில்லை. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது. சூட்டில் அந்தப் பாசி வெளியேறிவிட்டால் சதை கண்ணாடிபோல ஆகிவிடும். மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் பெரிய அளவில் நடந்தது இதுதான். அங்கே ஒரு பகுதி இறந்தது, ஒரு பகுதி மீண்டது.

சதை இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் சுருங்குகிறது, ராத்திரியில் கொஞ்சம் விரிகிறது என்றால் உயிர் இருக்கிறது. கரைந்து நாறினால் அந்தத் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்குச் சூட்டை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் இறக்குங்கள், விளக்கைப் பாதியாக்குங்கள், பொடி உணவு கொஞ்சம் போடுங்கள். இடம் மாற்றாதீர்கள், புது மருந்து ஊற்றாதீர்கள். நிறம் திரும்ப மாதங்கள் ஆகலாம். இந்த நேரத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் நிறம் சீக்கிரம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புயல் வருதுன்னு டிவில சொல்றாங்க. தொட்டிக்கு என்ன தயார் பண்ணணும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் நம் கரை அப்படிப்பட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. காற்று ஒரு பிரச்சினை, வீட்டுக்குள் வரும் வெள்ளம் இன்னொன்று.

கரண்ட் போனால் மீன்களை முதலில் கொல்வது மூச்சுத் திணறல். சூடு, விளக்கு, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் அதற்கு அப்புறம். ஓட்டம் நின்ற தொட்டியில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் குறைந்துவிடும், உப்புநீரிலும் சூடான நீரிலும் அது கரைவதே குறைவு. ஆகவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு, அதற்கு மாற்று பேட்டரி, இவ்வளவுதான் முக்கியமான சாமான். ஒன்றும் இல்லாவிட்டால் மக்கில் மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், அரை மணிக்கொரு தடவை கொஞ்ச நேரம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முறை போட்டுச் செய்வார்கள்.

புயலுக்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த ஆரோக்கியமான மீன் மூன்று, நாலு நாள் பட்டினி தாங்கும். தின்று கழிப்பதால் வரும் அம்மோனியாவைத்தான் தொட்டி தாங்காது. இருபது, முப்பது லிட்டர் உப்புநீரும் அதே அளவு ஆர்.ஓ. நீரும் மூடிய கேனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் பிளக் பலகையை இடுப்புக்கு மேலே கட்டிவிடுங்கள். தரைமட்ட வீடென்றால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் இறங்காது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் கடல்நீர்த் தொட்டியே வைக்கக்கூடாது.

இன்வெர்ட்டர் இருக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்?

கணக்கு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட் மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது, மாற்றும்போது ஏற்படும் இழப்பும் உண்டு. ஆக 700 வாட் மணி கைக்கு வரும் என்று வையுங்கள். நீரோட்டம் தரும் ஒரு வேவ் மேக்கரும் ஏர் பம்பும் சேர்ந்து 20 வாட்டில் ஓடினால் 35 மணி நேரம் வர வேண்டும். வராது. இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே பத்து, இருபது வாட் தின்னும். அதனால் ஒரு நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதே லைனில் இரண்டு ஃபேன் ஓடினால் நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். சில்லரை மாட்டவே மாட்டாதீர்கள்.

12 வோல்ட் டி.சி. வேவ் மேக்கராக இருந்தால் இன்வெர்ட்டரைத் தவிர்த்து, சரியான ஃபியூஸ் போட்டு, பேட்டரியிலிருந்தே நேராக ஓட்டலாம். அப்போது அந்த 35-ஐத் தாண்டக்கூட வாய்ப்புண்டு. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்புகள் உறுமும், சூடாகும். வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் வாங்குங்கள்.

கரண்ட் வந்துடுச்சு. எல்லாத்தையும் ஒரேயடியா போட்டுடலாமா?

வேவ் மேக்கரை உடனே போடுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தால் அதைப் போடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் மணிக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா செத்து நாறிக் கிடக்கும், ஸ்விட்ச் போட்டதும் அதெல்லாம் தொட்டிக்குள் வரும். திறந்து கொட்டி, தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓட்டுங்கள். ஸ்கிம்மர் முதல் ஒரு மணி நேரம் பொங்கி வழியலாம், கோப்பையைக் காலி செய்துகொண்டே இருங்கள். அம்மோனியா பார்த்த பிறகு தீனி.

கரண்ட் போகுறப்பல்லாம் சம்ப் நிரம்பி தரையில தண்ணி. ஏன்?

பம்ப் நின்றதும் மேல்தொட்டியின் நீர் திரும்பும் குழாய் வழியாகவே கீழே இறங்கிவிடுகிறது. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்குள் வையுங்கள், அல்லது அந்த மட்டத்தில் ஒரு சின்னத் துளை போடுங்கள், காற்று புகுந்து இழுவை நின்றுவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். நீங்களே ஸ்விட்சை அணைத்து, சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தெருவுல கொசுப் புகை அடிச்சுட்டுப் போனாங்க. அடுத்த நாள் இறால் ரெண்டும் மல்லாந்துடுச்சு. சம்பந்தம் இருக்கா?

இருக்க வாய்ப்பு அதிகம். கொசு மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. இறாலும் நண்டும் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம், மிகக் குறைந்த அளவிலேயே விழுந்துவிடும். மழை முடிந்த பிறகு புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பையும் ஸ்கிம்மரையும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். வெளிக் காற்றை உள்ளே இழுத்துத் தண்ணீரில் கலப்பவை அவைதான். ஸ்ப்ரே, கொசுவர்த்தி, திரவ மிஷின் எதுவும் அந்த அறையில் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் நஞ்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

மீன் மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடையில நீல மருந்து கொடுத்தாங்க. ஊத்தவா?

பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நீல மருந்தென்றால் மயில்துத்தம், அதாவது தாமிரம், இருக்கலாம். மீனுக்கு மருந்து, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். கல்லும் மணலும் அதை உறிஞ்சிவைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

மீன்களை எல்லாம் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை. அந்த ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து, கல்லில் கூடு கட்டி, பல வாரம் கழித்துக்கூட வெளியே வரும். மீனே இல்லாமல் பெரிய தொட்டியை விட்டுவைக்க இத்துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 76 நாள். பவளங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஐம்பதாம் நாள் பொறுமை போய் மீனைத் திரும்ப விடுகிறவர்கள்தான் மறுபடி வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

கால்சியத்துக்கு வெத்தலைச் சுண்ணாம்பு கரைச்சு ஊத்தலாமா?

யோசனை தப்பில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சொட்டுவிடும் நீரும் சுண்ணாம்புத் தெளிவுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் கடைச் சுண்ணாம்பில் நிறமும் வாசனையும் வேறென்னவோ சேர்ந்திருக்கும், கிளிஞ்சல் சுண்ணாம்பிலும் பாஸ்பேட் எவ்வளவு என்று சொல்ல முடியாது. உணவுத் தரத்தில் வாங்கி, லிட்டர் ஆர்.ஓ. நீருக்கு ஒன்றரை கிராம் போட்டு, படிந்த பிறகு தெளிவை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பி.எச். 12-ஐத் தாண்டும், மொத்தமாக ஊற்றினால் தொட்டியே போய்விடும். மென்பவளத் தொட்டிக்கு இதற்கெல்லாம் அவசியமே இல்லை, பத்து நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினால் போதும்.

பாதித் தொட்டி செத்துப் போச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டு புதுசா ஆரம்பிக்கிறதுதான் நல்லதா?

பெரும்பாலும் இல்லை. செத்ததை எடுத்துவிட்டு, கார்பன் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை மாற்றுங்கள். கல்லில் இருக்கும் பாக்டீரியா இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. கழுவிக் காயவைத்தால் ஆறு வாரத்துக்கு முந்தின இடத்துக்கே போய்விடுவீர்கள். தாமிரம் கலந்துவிட்டது என்றால் மட்டும் கல்லையும் மணலையும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

வீடு மாறப் போறோம். தொட்டியை எப்ப மாத்தினா நல்லது?

தை, மாசி. வீட்டுப் பெரியவர்கள் ஆடி வேண்டாம், மார்கழி வேண்டாம் என்பார்கள். தொட்டிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரை, வைகாசி வெயிலும் வேண்டாம். இரண்டையும் கழித்தால் தையும் மாசியும்தான் நன்றாக மிஞ்சுகிறது.

பால் காய்ச்சும் அன்றைக்கே தொட்டியையும் கொண்டுபோகாதீர்கள். அன்று வீடு நிறைய ஆள் இருப்பார்கள், கரண்ட் பாயின்ட் எது வேலை செய்கிறது என்றே தெரியாது. நல்ல நேரத்தில் பால் காய்ச்சிவிட்டு வாருங்கள். புது வீட்டில் ஸ்டாண்டை மட்டம் பார்த்து வைத்து, உப்புநீர் கரைத்து, அது ஒரு நாள் முழுக்கச் சுழலட்டும். அதற்கப்புறம் தொட்டி. பழைய வீட்டுச் சாவியை இரண்டு, மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பாதித் தண்ணியை இறக்கிட்டு, கல்லோடயே நாலு பேர் தூக்கினா ஆகாதா?

ஆகாது. தொட்டியின் மூலைகளைப் பிடித்திருப்பது சிலிக்கான் பசை. தூக்கும்போது ஒரு பக்கம் முறுக்கினால் அந்தப் பசை விரியும். அன்றே ஒழுகாது, ஒரு மாதம் கழித்து ராத்திரியில் ஒழுகும். முழுதாகக் காலி செய்து, மெத்தையிலோ தடித்த ஃபோமிலோ வைத்துக் கொண்டுபோங்கள்.

அன்னிக்கு எதை முதல்ல எடுக்கணும், எதை கடைசியா?

பவளம், அப்புறம் கல், கடைசியில் மீன். கல் உள்ளே இருக்கும்வரை மீனைத் துரத்தினால் நீங்கள்தான் களைத்துப்போவீர்கள். கல்லை எடுத்து நீர்மட்டத்தை ஒரு சாணுக்கு இறக்கிவிட்டால் மீன் கைக்கு வரும். முந்தின நாளிலிருந்தே தீனி வேண்டாம், புயல் கேள்வியில் சொன்ன அதே காரணம். பவளத்தைத் தொட்டித் தண்ணீரோடு மூடி போட்ட டப்பாக்களிலும், கல்லை நீரில் மூழ்கிய நிலையில் வாளிகளிலும், மீனைத் தனித்தனிப் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி காற்றுமாகக் கட்டியும் வைக்கலாம். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குங்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸும் இறாலும் போட்ட பழைய பெட்டி வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், குட்டியானையில் ஒரு மணி நேரம். பயணம் சின்னதுதான், இரண்டு பக்கமும் ஆகும் வேலைதான் நாளைத் தின்னும். காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். பேட்டரி ஏர் பம்பை வாளிகளில் ஓடவிடுங்கள். பழைய நீரில் பாதியைக் கொண்டுபோனால் போதும். பாக்டீரியா குடியிருப்பது கல்லில், தண்ணீரில் சொற்பம்தான். அங்கே போனதும் முதலில் கல், பிறகு நீர், பிறகு ஓட்டம். உப்பும் சூடும் இரண்டு பக்கமும் ஒத்துவந்த பிறகு பவளமும் மீனும். விளக்கை அன்று போடவே வேண்டாம்.

பழைய மணலையும் அப்படியே அள்ளிப் போட்டுடலாமா?

வேண்டாம். வருஷக்கணக்கில் கிளறாத மணலுக்கடியில் கழிவும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அடைந்திருக்கும். கிளறினால் எல்லாம் நீரில் கலக்கும். வீடு மாற்றிய மறுநாள் மொத்தமாகப் போய்விட்டது என்று நான் கேள்விப்பட்ட கதைகளில் பெரும்பாலும் இந்த மணல் வந்துவிடுகிறது. புது மணல் வாங்குங்கள். பழையதுதான் வேண்டுமென்றால், தெளிந்த நீர் வரும்வரை அலசிவிட்டுப் போடுங்கள்.

மாடி வீடு. வெயிட் தாங்குமான்னு வீட்டுக்காரர் கேக்குறார்.

நியாயமான கேள்விதான். என் அளவுத் தொட்டியே கண்ணாடி, கல், சம்ப், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டும். நாலடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்றால் தண்ணீரே நானூற்றைம்பது லிட்டர். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கிட்டுக் கட்டுவது வழக்கம். அது அறை முழுக்கப் பரவிய சுமை. சின்னத் தொட்டியைச் சுமைதாங்கும் சுவரை ஒட்டி, பீமுக்கு மேலே வையுங்கள், அறை நடுவில் வேண்டாம். நாலடிக்கு மேல் என்றால் கட்டட இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

மாத்துறப்பவே கல்லுல பரவின சோவாந்தஸை சுடுதண்ணி ஊத்தி ஒழிச்சுடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சோவாந்தஸ் சிலவற்றிலும், முக்கியமாக அதைப் போலவே இருக்கும் அதன் உறவான பாலித்தோவாவிலும், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்தக் கல்லைக் கொதிக்கவைத்தோ, காய்ந்ததைத் தேய்த்தோ, அந்த ஆவியையும் தூளையும் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நீருக்கடியிலேயே துண்டை எடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

மாறி வந்து மூணு நாள் ஆச்சு. லெதர் பவளம் திறக்கவே இல்ல. என்ன ஊத்தணும்?

ஒன்றும் ஊற்றாதீர்கள். லெதர் இடம் மாறினால் ஒரு வாரம், இரண்டு வாரம் மூடிக்கிடந்து மெழுகுபோல ஒரு தோலை உரிக்கும், பிறகு விரியும். அதன் மேல் ஓட்டம் படுகிற மாதிரி வேவ் மேக்கரைத் திருப்பினால் தோல் சீக்கிரம் கழன்றுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அம்மோனியாவை. முதல் வாரம் தினமும் பாருங்கள், கொஞ்சம் ஏறினால் அன்றே கால்வாசி நீர் மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். இந்த வாரத்தில் புது மீன் வாங்காதீர்கள்.

இனிமே முடியாது, விட்டுடலாம்னு இருக்கேன். எல்லாத்தையும் தேவனாம்பட்டினம் கடல்லயே விட்டுட்டா புண்ணியமாவது கிடைக்குமே?

கிடைக்காது. தொட்டியில் வெவ்வேறு கடல்களின் உயிர்கள் ஒன்றாக வாழ்ந்து, நோய்களையும் பாசிகளையும் பங்கிட்டுக்கொண்டவை. நம் பக்கத்துக் கடலில் பிறந்த சிங்க மீன் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பரவி அங்குள்ள மீன்களைத் தின்று தீர்ப்பதற்கு, தொட்டியிலிருந்து வெளியே விட்டவர்கள்தான் காரணம் என்று கருதுகிறார்கள். மத்தியதரைக் கடலில் 1984-ல் மொனாக்கோ அருகே முளைத்த காலெர்பா பாசியும் காட்சித் தொட்டியிலிருந்து போனதே.

வேறொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள். ஆள் கிடைக்கும்வரை கடையில் விட்டுவைக்கவும் சிலர் சம்மதிப்பார்கள். பவளத் துண்டுகளை வாங்க இரண்டு ஊரிலும் ஆள் உண்டு. பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாம், முருங்கை மரத்தடியில் மட்டும் வேண்டாம்.